பிறந்த வீட்டுக் கோடி

ராஜத்துக்கு இந்த வருடம் அரக்குச் சிவப்பில் சேலை எடுத்திருந்தாள் ஜானகி. மஞ்சள் கரை. கடைக்குப் பின்னால் இருந்த அறையில், கன்னிப் பெட்டி என்று அவர்கள் சொல்லும் பனையோலைப் பெட்டியின் மேல் அது மடிப்புக் கலையாமல் இருந்தது. மறுநாள் தை வெள்ளி. படையல்.

ராஜம் ஜானகியின் அத்தை. ஜானகி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே இறந்தவள். ரங்கூனில் குண்டு விழுந்தபோது தாத்தா சிவலிங்கம் மனைவியையும் எட்டு வயது ராஜத்தையும் கைக்குழந்தை மகேஸ்வரனையும் கூட்டிக்கொண்டு காட்டு வழியே இந்தியாவுக்கு நடந்தார். நாற்பத்திரண்டாம் வருடம். எல்லையில் தமு என்ற ஊரைத் தாண்டுவதற்குள் ராஜம் காலராவில் போய்விட்டாள். தன் பங்குத் தண்ணீரைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுச் செத்தாள் என்று வீட்டில் சொல்வார்கள். தண்ணீர் குடித்த தம்பிதான் ஜானகியின் அப்பா.

கல்யாணமாகாமல் போன பெண்ணைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது அவர்கள் வழக்கம். வருடம் ஒருமுறை புதுத்துணி வைத்துப் படையல் போடுவார்கள். மற்ற வீடுகளில் செத்த வயதின் அளவுக்கே பாவாடை எடுப்பார்கள். தாத்தா அப்படிச் செய்யவில்லை. வருடா வருடம் அளவைக் கூட்டினார். பாவாடை தாவணியாயிற்று. தாவணி சேலையாயிற்று. "அவ மட்டும் வளர வேண்டாமா?" என்று கேட்பாராம். லேக் மார்க்கெட்டில் மளிகைக் கடை போட்டபோது ராஜம் ஸ்டோர்ஸ் என்று பெயர் வைத்தார். மூன்று மொழியில் பலகை.

பாவாடை வளர்ந்த கதையைச் சொல்லாமல் ஜானகி யாருக்கும் படையல் பொங்கல் கொடுத்ததில்லை. வங்காளிகள் அதை ராஜம் புஜோ என்றார்கள். கேட்டுக் கண் கலங்கியவர்கள் உண்டு.

படைத்த சேலையை வீட்டில் யாரும் கட்டக்கூடாது. கங்கையில் விட வேண்டும். தாத்தா விட்டார். அவருக்குப் பின் அப்பா. பெண்கள் கூடப் போகக்கூடாது. அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்த பிறகு வேறு ஆள் இல்லை. ஜானகி போனாள். முதல் முறை அவள் சேலையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "பாத்துப் போ. படி வழுக்கும்" என்றார். மூன்று வருடமாக பாபு காட் படித்துறையில் நின்று அவள்தான் விட்டாள். சேலை உடனே முழுகாது. கொஞ்ச தூரம் விரிந்து மிதக்கும்.

காலை பத்து மணி இருக்கும். கௌசிக் இட்லி அரிசி வாங்க வந்திருந்தான். பக்கத்துத் தெருவில் டியூஷன் எடுப்பவன்.

"ஜானகி தி, கால்கே ராஜம் புஜோ தோ?"

நாளைக்குத்தான், வந்துவிடு என்று வங்காளியில் சொன்னாள். நெய் போன வருடம் குறைவு என்றான் அவன். தின்றுவிட்டுப் பேசுகிற வாய் என்றாள் அவள். அவன் சிரித்துக்கொண்டே போனான்.

அவன் நின்ற இடத்தில் ஒரு பெண் நின்றாள். அறுபது வயது இருக்கும். ஆண்கள் போடும் ஸ்வெட்டர். ரப்பர் செருப்பு. தலை வாரியிருக்கவில்லை.

"மகேஸ்வரன் இருக்காங்களா?"

தமிழ். ஆனால் லேக் மார்க்கெட் தமிழ் இல்லை.

"அப்பா உள்ள படுத்திருக்காங்க. என்ன வேணும், சொல்லுங்க."

"ஒரு சேலை வேணும்."

"இது மளிகைக் கடைங்க. சேலைக்கு கரியாஹாட் போகணும்."

"கடைச் சேலை எனக்கு எடுக்கத் தெரியும். நான் கேக்கறது கோடி. எங்கம்மா விடியக்காலைல போயிட்டாங்க. பிறந்த வீட்டுக் கோடி வந்தாத்தான் தூக்குவேன்."

ஜானகி தராசிலிருந்து கையை எடுத்தாள். எத்தனை வயதில் செத்தாலும், எங்கே செத்தாலும், ஒரு பெண்ணின் மேல் கடைசியாக விழும் துணி அவள் பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவருவார்கள். அவர்கள் இல்லையென்றால் அவர்கள் பிள்ளைகள். யாரும் இல்லாதவளுக்கு ஊரில் ஒருவர் முறை சொல்லிக்கொண்டு போடுவதும் உண்டு. ஜானகியின் கணவர் கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் இறந்தபோது அவளுக்கான கோடியை எடுத்துக்கொண்டு அப்பா முதல் ரயிலில் வந்து இறங்கினார்.

"தமிழ்ச் சங்கத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அண்ணன் முறைக்கு யாராவது வந்திருப்பாங்க."

"முறைக்கு ஆள் எதுக்கு? கூடப்பிறந்த தம்பியே இருக்காரு." அந்தப் பெண் உள்ளறைத் திரையைப் பார்த்தாள். "அம்மா பேரு ராஜம்."

"எங்க கடை பேரும் அதுதான்."

"தெரியும். கார்த்திகையில ஆட்டோவுல உக்காந்து பலகையைப் பாத்துச்சு. அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான்தான் படிச்சுச் சொன்னேன். 'நான் கடையா ஆயிட்டேனாடி'ன்னு கேட்டுச் சிரிச்சுச்சு."

ஜானகிக்கு முதலில் கோபம்தான் வந்தது. படையல் கதை மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும். யாராவது சொல்லி அனுப்பியிருக்கலாம்.

"நீங்க யாரு?"

"செல்வராணி. மோரேயில இருந்து வந்தோம். மணிப்பூர்ல, பர்மா எல்லை. போன வருசம் அங்க கலவரம் வந்துச்சில்ல, வீடு எரிஞ்சு போச்சு. காளிகாட்ல ஒரு ரூம்ல இருக்கோம்."

"எங்க அத்தை நாப்பத்தி ரெண்டுலயே இறந்துட்டாங்க."

"அப்படித்தான் உங்க தாத்தா சொல்லியிருக்காரு."

செல்வராணி கடைப் படியில் உட்கார்ந்தாள். கேட்டுக்கொண்டு உட்காரவில்லை.

"வருசா வருசம் தை மாசக் கடைசில ஒரு பொட்டலம் வரும். இம்பால் லாரில. முதல்ல பாவாடையாம். அப்புறம் தாவணி. அம்மா வயசுக்கு வந்த வருசமே தாவணி வந்துச்சாம். 'எங்கப்பாவுக்கு யாருடி சொன்னா?'ன்னு அதிசயப்படும். அப்புறம் எல்லாம் சேலை. எனக்கு விவரம் தெரிஞ்சு பச்சை, மாம்பழக் கலர், ஒரு தடவை கட்டம் போட்டது. கடைசியா வந்தது ஊதா. வெள்ளிப் புட்டா."

ஊதாவை எடுக்க அன்று ஜானகிக்கு ஒரு மதியம் முழுதும் ஆனது. கடைக்காரன் தங்கப் புட்டாதான் இருக்கிறது என்றான். விடாமல் நின்று கிடங்கிலிருந்து வெள்ளியை எடுக்க வைத்தாள். அந்தத் தையில் அப்பா அதைக் கங்கைக்கென்று டாக்சியில் கொண்டுபோனார். அவர் விழுவதற்கு முன் கடைசியாகக் கொண்டுபோனது அது.

"அதுக்கப்புறம் வரல" என்றாள் செல்வராணி. "ரெண்டு வருசம் பாத்துச்சு. மூணாவது வருசமும் வரலைன்னதும் தம்பி போயிட்டான்னு முடிவு பண்ணி ஒரு நாள் தலை முழுகிடுச்சு."

ஜானகி கல்லாவுக்குப் பின்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். ஒருவர் வந்து அப்பளம் கேட்டார். அவள் காதில் விழவில்லை. அவர் போய்விட்டார்.

"தண்ணி கொடுத்தாங்கல்ல?" என்றாள் கடைசியில். "தம்பிக்கு. தன் பங்குத் தண்ணிய."

"எந்தத் தண்ணி?"

ஜானகி உள்ளறைத் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாட்டு வண்டி" என்றாள் செல்வராணி. "உங்க பாட்டிக்கு நெனப்பு இல்லாத காய்ச்சல். நடக்க முடியல. வண்டிக்காரன் சும்மா ஏத்த மாட்டேன்னுட்டான். அவன் வீட்டுல எடுபிடி வேலைக்கு ஒரு பிள்ளை வேணும்னு இருக்கான். பத்து நாள்ல வந்து கூட்டிக்கறேன்னு தாத்தா சொன்னாராம். தம்பியை அம்மாதான் தூக்கி வண்டில கொடுத்துச்சாம். வண்டி போற வரைக்கும் வெளையாட்டுன்னு நெனச்சுச்சாம்."

"அப்புறம்?"

"சண்டை முடிஞ்சு தாத்தா வந்தாரு. வரலைன்னு சொல்லக்கூடாது. வந்தாரு. 'நீ செத்துட்டேன்னு உங்காத்தாகிட்டச் சொல்லிட்டேன், இனி எப்படிக் கூட்டிட்டுப் போவேன்'னு அழுதாராம். அம்மாதான் முதுகைத் தடவி சமாதானம் சொல்லி அனுப்பிச்சிருக்கு. பன்னெண்டு வயசுப் பிள்ளை."

செல்வராணி மூக்கை ஸ்வெட்டர் கையில் துடைத்தாள்.

"அதெல்லாம் பழசு. அம்மாவுக்கே அதுல கோவம் இல்ல. கார்த்திகைல நடந்ததுக்கு வா. லாரிக்காரன் சொன்ன அடையாளத்த வச்சு வந்தோம். நீ கடையில இல்ல. போயிட்டாருன்னு நெனச்ச மாமா இந்தா இந்த நாற்காலில உக்காந்திருந்தாரு. அம்மாவை ஆட்டோவுலயே வச்சுட்டு நான் மட்டும் வந்தேன். சொன்னேன். வாசல்ல இருக்கு, வந்து பாருங்கன்னு சொன்னேன். ஆள் மாறி வந்திருக்கீங்கன்னுட்டாரு. பக்கத்துக் கடைக்காரர்தான் படையல் கதைய சொன்னாரு. வந்து அம்மாகிட்ட சொன்னேன். 'செத்தவளுக்குப் பொங்கல். இருக்கறவளுக்கு ஒரு டீ இல்ல. சரி, விடு, போலாம்'னுச்சு."

"இன்னைக்கு ஏன் வந்தீங்க?"

"நானா வரல. நேத்து ராத்திரி அதுதான் கேட்டுச்சு. கோடிய மட்டும் வாங்கிடுன்னு." செல்வராணி எழுந்தாள். "மதியம் வண்டி வரச் சொல்லியிருக்கேன். நீ எனக்கு மாமன் மக. நான் உனக்கு மதினி முறை. அதுக்கு மேல கேக்க எனக்கு ஒண்ணும் இல்ல. கோயிலுக்குப் பின்னால, பூக்கடைச் சந்து. யாரைக் கேட்டாலும் மோரே மாஷி வீடுன்னு சொல்லுவாங்க."

அவள் போய்விட்டாள்.

ஜானகி திரையை விலக்கி உள்ளே போனாள். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ரேடியோ மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. கடைக்கும் அறைக்கும் நடுவில் துணித் திரை மட்டும்தான். ஆனாலும் அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. எதையும் கேட்டிருக்க மாட்டார்.

ரேடியோவை நிறுத்தினாள்.

"ராஜம் அத்தை இறந்துட்டாங்களாம்ப்பா" என்றாள் உரக்க.

என்ன உளறுகிறாய் என்று கேட்பார் என நினைத்தாள். அப்படிக் கேட்டால் நம்பிவிடத் தயாராக இருந்தாள்.

அப்பா திரும்பினார்.

"எப்போ?" என்றார்.

ஜானகி கன்னிப் பெட்டியின் பக்கத்தில் நின்றாள். தெருவில் ஒரு ஆட்டோக்காரன் ராஷ்பிஹாரி, ராஷ்பிஹாரி என்று கூவிக்கொண்டிருந்தான்.

"விடியக்காலைல."

"எங்க?"

"காளிகாட்ல. இங்க இருந்து நடந்து போற தூரம்."

அப்பா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். அதற்கு நேரமாயிற்று. அவள் பிடிக்கவில்லை.

"பாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாது. எங்கப்பா சாகறப்ப எங்கிட்ட மட்டும் சொன்னாரு."

"பாட்டி அதுக்கப்புறமும் இருந்தாங்களே. ஒம்போது வருசம். இந்தப் பெட்டி பக்கத்துலதானே படுப்பாங்க."

"ம்."

"சொல்லலாம்னு ஒரு தடவை கூடத் தோணலையா?"

"தோணும். படையல் வந்துரும். ஊரே வந்து கும்பிடும். ஆத்தா அழுது முடிச்சு ரெண்டு நாள் தெம்பா இருப்பா." அவர் உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்தார். "கன்னின்னு வச்சுக் கும்பிட்ட பிறகு எப்படிம்மா வீட்டுக்குள்ள கூப்பிடறது? என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?"

"கார்த்திகையில கூப்பிட வேண்டாம். எழுந்து போய்ப் பாத்திருக்கலாம்ல?"

"பாத்தா கூப்பிட்டிருப்பேன்."

ஜானகிக்கு அது புரிந்தது. புரிந்ததால் ஒன்றும் குறையவில்லை.

"மூணு சேலை" என்றாள். "நான் தண்ணில விட்டேன். நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க."

"உங்கிட்ட எதைச் சொல்லி..."

"படி வழுக்கும்னு சொன்னீங்க."

அப்பாவுடைய இடது புருவம் நடுவில் பிளந்திருக்கும். பிறவியிலேயே அப்படி. அவர் தவிக்கும்போது அது மட்டும் துடிக்கும். சின்ன வயதில் அவள் அதில் விரல் வைத்து அமுக்கி நிறுத்துவாள்.

"வேட்டி எடு" என்றார். "வெள்ளை வேட்டி. அலமாரில மேல் தட்டுல இருக்கு. கோடி நான்தான் போடணும். தம்பி கையால விழணும்."

அவள் ஓலைப் பெட்டியின் மேலிருந்த சேலையை எடுத்தாள்.

"ஜானு. அந்த வாக்கரை இப்படித் தள்ளு."

வாக்கர் எதிர்ச் சுவரோரம் இருந்தது. அவர் கைக்கு எட்டாது.

"கரக்பூருக்கு உனக்குக் கோடி கொண்டு வந்தவன்டி நான். எனக்குத் தெரியாதா? மூணு மாடி ஏறினேன். தள்ளும்மா."

"அவங்க ஆள் மாறி வந்திருப்பாங்கப்பா" என்றாள் ஜானகி.

சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கிளம்பினாள். கடை ஷட்டரை இறக்கும்போது உள்ளிருந்து அவர் கூப்பிடுவது கேட்டது. இரண்டு முறை அவள் பெயரைச் சொன்னார். மூன்றாவது முறை அக்கா என்றது போல இருந்தது. தகரச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

பூக்கடைச் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே நடக்க முடியாது. செம்பருத்தி மாலைகள் சுவரில் தொங்கின. மோரே மாஷியா என்று கேட்டு ஒரு சிறுமி வழி காட்டினாள்.

சிமெண்ட் தரையில் பாய் விரித்துக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் ஊதுவத்தி. அக்கம்பக்கத்து வங்காளிப் பெண்கள் நான்கைந்து பேர் வாசலில் நின்றார்கள். உடம்பு மிகவும் சிறியது. அதன் மேல் ஊதாச் சேலை. வெள்ளிப் புட்டா. மடிப்புக் கோடுகள் அப்படியே இருந்தன.

"கட்டவே இல்ல" என்றாள் செல்வராணி. "வீடு எரியறப்ப இதை மட்டும் எடுத்துச்சு. ஒரு ராத்திரி காட்டுல இருந்தோம். அப்புறம் மிலிட்டரி லாரி வந்துச்சு. ஏத்திவிடறப்ப கேக்குது, 'ரெண்டாவது தடவை ஓடறேன். இந்தத் தடவையாவது வண்டில எனக்கு இடம் இருக்காடி?'ன்னு. எங்களுக்கு அழுகை. அது சிரிக்குது."

வாசலில் நின்ற ஒருத்தி ஜானகியைக் காட்டி, "பாபேர் பாடிர் லோக்?" என்று கேட்டாள். பிறந்த வீட்டு ஆளா என்று.

"ஹ்யா" என்றாள் ஜானகி.

"மாமா வரல" என்றாள் செல்வராணி. கேள்வி இல்லை.

"கூட்டிட்டு வரல மதினி."

செல்வராணி அவளைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள்.

ஜானகி சேலையைப் பிரித்தாள். விதவையாகச் செத்தவளுக்குச் சிவப்பா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. காலிலிருந்து கழுத்து வரை போர்த்தினாள். அளவு சரியாக இருந்தது. எல்லாச் சேலையும் ஒரே அளவுதான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கழுத்தருகே துணியைச் சரிசெய்யக் குனிந்தபோது முகம் பக்கத்தில் இருந்தது. இடது புருவம் நடுவில் பிளந்திருந்தது.

அவள் விரல் அங்கே போயிற்று. அமுக்க ஒன்றும் இல்லை. அசையாமல் இருந்தது.

கேவடாதலா மயானத்தில் மின்சார அடுப்புக்கு வரிசை இருந்தது. முடிய சாயங்காலம் ஆனது. செல்வராணி வீட்டுக்கு வரவில்லை. ஜானகியும் அழைக்கவில்லை. என்ன முறை சொல்லி, எந்த வாசல் வழியாக அழைப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை. அது தெரிந்தபோது அவளுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. சந்து முனை வரை திரும்பிப் போய், "நாளைக்குக் காலைல நான் வரேன் மதினி" என்றாள். செல்வராணி தலையசைத்தாள்.

பின்வாசல் குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு உள்ளே வந்தாள். அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். அலமாரி வரை எப்படிப் போனார் என்று தெரியவில்லை. முழங்கையில் சிராய்ப்பு இருந்தது. வாக்கர் இருந்த இடத்திலேயே இருந்தது.

அவள் மண்ணெண்ணெய் டின்னை நகர்த்தி அதன் பின்னால் இருந்த வாழையிலைக் கட்டை எடுத்தாள். நாளைப் படையலுக்கு வாங்கியது. அதைக் கொண்டுபோய்க் கொல்லையில் போட்டாள். திரும்பி வந்து ஓலைப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே விபூதி மடலும் ஒரு சின்னக் கண்ணாடி வளையல் ஜோடியும் இருந்தன. வளையல்கள் எட்டு வயதுக் கைக்கானவை. அவை மட்டும் வளர்ந்திருக்கவில்லை.

"போட்டியா?" என்றார் அப்பா.

"போட்டேன்."

"சரியா விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

அடுத்து அவர் கேட்கப்போவது அவளுக்குத் தெரிந்தது. பெட்டியை மூடினாள்.

"நான் கைப்பிள்ளை" என்றார். "ஒரு போட்டோ கூடக் கிடையாது. யாரு மாதிரிம்மா இருந்தா?"

அவர் புருவம் துடித்துக்கொண்டிருந்தது. ஜானகி அதைப் பார்த்தாள். ஒரு சொல்லில் சொல்லிவிடலாம்.

"கார்த்திகையில ஆட்டோ வாசல்லதானேப்பா நின்னுச்சு" என்றாள்.

துண்டை எடுத்துக்கொண்டு தலை துவட்டக் கடைப்பக்கம் போனாள்.